ஆச்சியின் ஊரில் பாம்புகள்



2012ஆம் ஆண்டு தொடக்கம் 2015ஆம் ஆண்டு வரை நான் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தேன். யுத்தம் முடிந்த பின் எங்கள் பகுதியிலிருந்து புறப்பட்ட எத்தனையோ பெண்களைப் போலத்தான் நானும் போனேன். அந்தக் கதை எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. அந்த வீட்டில் என்னோடு வேலை செய்த ஒரு பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்ணைப் பற்றியும், அவருடைய சின்ன வயதுப் பாம்புகளைப் பற்றியும்தான் எழுத நினைக்கிறேன்.

அவரை நான் ‘ஆச்சி’ என்று கூப்பிட்டேன். கிழவி என்று நினைத்துவிடாதீர்கள். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். அவர் பிறந்த பம்பங்கா மாகாணத்தில் பேசும் மொழியில் அக்காவை ‘அச்சி’ என்பார்களாம். என் வாயில் அது ஆச்சியாகிவிட்டது. முப்பத்தாறு வயதில் என்னிடம் ஆச்சிப் பட்டம் வாங்கியதற்கு, அர்த்தம் தெரிந்த பிறகு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பாம்புக் கதை தொடங்கியது ஒரு தண்ணீர்க் குழாயால். இரவு பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போடப் போனோம். மூலையில் கறுப்பு றப்பர்க் குழாய் சுருண்டு கிடந்தது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பின்னுக்குப் பாய்ந்தோம். நான் ‘பாம்பு’ என்றேன், அவர் தன் மொழியில் ஏதோ சொன்னார். சொல் விளங்காவிட்டாலும் பொருள் விளங்கியது. நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில், சுற்றிவரக் கொங்கிறீற்றும் மணலும் இருக்கும் இடத்தில், வயற்காட்டில் வளர்ந்தவர்களின் கால்தான் அப்படிப் பாயும். அன்றிலிருந்து கொஞ்சம் அரபும் கொஞ்சம் ஆங்கிலமும் மிச்சம் கையசைப்புமாக, ஒருவருக்கொருவர் ஊர்ப் பாம்புகளைச் சொல்லத் தொடங்கினோம்.

புற்றுக்கு வழிவிடுதல்

ஆச்சியின் ஊர் பக்கோலோர். மணிலாவுக்கு வடக்கே, நெல் வயலும் வாய்க்காலும் நிறைந்த சமவெளி. அவருடைய தகப்பன் குத்தகைக்கு வயல் செய்தவர். வீடு மரக்கால்களின் மேல் நின்றது. மூங்கிற் பிளாச்சால் தளம், நிப்பா என்ற ஒருவகைப் பனையின் ஓலையால் கூரை. தளத்தின் கீழே கோழியும் பன்றியும். மூங்கில் இடுக்கால் கீழே பார்ப்பதுதான் பிள்ளைகளின் விளையாட்டு. கோழி கத்தினால் எல்லோரும் குப்புறப் படுத்து இடுக்கில் கண்ணை வைப்பார்களாம். முட்டைக்கு வந்த பாம்பின் முதுகு கீழே ஓடுவது தெரியும். “எங்களுக்குத் தொலைக்காட்சி இருக்கவில்லை, அதுதான் எங்கள் தொலைக்காட்சி” என்றார்.

அங்கேயும் புற்று உண்டு. புற்றுக்குள் சிறிய கிழவனார் ஒருவர் குடியிருக்கிறார் என்பது அவர்களின் நம்பிக்கை. அவரை மிதித்தால் நோய் வரும். ஆகவே புற்றருகே, பற்றையருகே போகும்போது நின்று, ‘தாபி தாபி போ’ என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ‘கொஞ்சம் விலகுங்கோ ஐயா, நாங்கள் போகப்போறம்’ என்பது போன்ற பேச்சு அது. எங்கள் அம்மம்மா புளியங்குளம் புதூர் நாகதம்பிரானுக்குப் பாலும் முட்டையும் நேர்ந்தவர். வளவுப் புற்றைக் கொத்தவே விடமாட்டார். இதைச் சொன்னபோது ஆச்சி ஆச்சரியப்பட்டார். அவர்களின் தேவாலயத்தில் மாதா பாம்பின் தலையை மிதித்தபடி நிற்பாராம். எங்கள் கோயிலில் பாம்பு சாமிக்குக் குடை பிடிக்கும். இரண்டு ஊரிலும் பிள்ளைகளுக்குப் புற்றைக் கண்டால் பயம் ஒன்றுதான்.

புற்றுக்குள் கிழவனார் இருக்கிறாரோ இல்லையோ, எனக்கு ஒன்று படுகிறது. பற்றைக்குள் ஓடாமல் நின்று, குரல் கொடுத்து, கீழே பார்த்துக் காலை வைக்கும் பிள்ளையைப் பாம்பு கடிப்பது குறைவு. எங்கள் வீட்டில் இரவில் பாம்பின் பெயரையே சொல்லமாட்டோம். “பூச்சி பொட்டு கிடக்கும், ரோச்சைப் பிடிச்சுக்கொண்டு போ பிள்ளை” என்பார் அம்மம்மா. அதுவும் அதே பாடம்தான்.

மலைப்பாம்புக்கு அவர்கள் நாட்டில் ‘சாவா’ என்று பெயர். தமிழ்க் காதுக்கு அது கேள்வி போலக் கேட்கிறது. ஆனால் ஆச்சியின் அப்பம்மாவுக்கு அது வீட்டுக் காவற்காரன். நெல் மூட்டை வைத்த மூலைக்கு மேலே, கூரை வளையில் ஒரு சாவா கிடந்ததாம். எலி பிடிக்கிறது என்று அப்பம்மா அதை அடிக்க விடவில்லை. இரவில் அது ஊரும்போது ஓலை சரசரக்கும், பிள்ளைகள் பாயைத் தலைவரை இழுத்துக்கொள்வார்கள். ஒரு மழைக்காலத்தில் ஆறு கோழிக்குஞ்சைக் காணவில்லை. அதன்பிறகு காவற்காரனைத் தகப்பன் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தாராம். அப்பம்மா இரண்டு நாள் மகனோடு பேசவில்லை.

எல்லோருக்கும் சாவா அப்படி விளையாட்டான பிராணி அல்ல. அதே லூசோன் தீவின் வடகிழக்கு மலைக்காடுகளில் அக்தா என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களோடு 1962ஆம் ஆண்டு முதல் வாழ்ந்து ஆராய்ந்த தோமஸ் ஹெட்லண்ட் என்பவரும் இன்னொரு விஞ்ஞானியும் 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விசாரித்த 58 ஆண்களில் 15 பேரை வாழ்நாளில் ஒருமுறையாவது மலைப்பாம்பு தாக்கியிருந்தது. 62 பெண்களில் ஒருவரை மட்டுமே. வேட்டைக்குக் காட்டுக்குள் ஆழமாகப் போகிறவர்கள் ஆண்கள். பாம்பு ஆளைத் தேடி வருவதில்லை, வேலைதான் ஆளைப் பாம்பிடம் கொண்டுபோகிறது என்பது அந்தக் கணக்கிலேயே தெரிகிறது. அதே மக்களிடையே 1973இல் ஒரு தகப்பன் பொழுதுபட வீடு திரும்பியபோது, மலைப்பாம்பு இரண்டு பிள்ளைகளைக் கொன்று ஒன்றை விழுங்கிக்கொண்டிருந்தது. அவர் கத்தியால் அதை வெட்டிக் கொன்றார். ஆறு மாதக் கைக்குழந்தை மட்டும் காயமின்றிக் கிடந்தது.

துப்பும் நாகம்

ஆச்சி உண்மையில் பயந்தது உலுபோங் என்ற நாகத்துக்கு. எங்கள் நாகத்தின் உறவுதான். ஆனால் நிறம் மங்கிய மண்ணிறம், படத்தில் கண்ணாடி அடையாளம் இல்லை. அது எதிரியின் முகத்தை நோக்கி விஷத்தைத் துப்பவும் செய்யும். சற்றுத் தள்ளி நின்ற அவருடைய சித்தப்பாவின் கண்ணில் ஒருமுறை பட்டது. மிளகாய்த்தூள் போட்டது போல அலறினாராம். பெண்கள் அவரைப் பிடித்து வாய்க்காலில் சாய்த்து, குடம் குடமாகக் கண்ணில் தண்ணீர் ஊற்றினார்கள். சில நாளில் பார்வை தெளிந்தது. அன்று அந்தப் பெண்கள் செய்ததுதான் மருத்துவர்களும் சொல்லும் முதலுதவி. நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும், கண்ணைக் கசக்கக் கூடாது.

கடியின் கதை அப்படி முடியவில்லை.

ஆச்சிக்கு எட்டு வயதாக இருந்தபோது, 1984இல், பெரியப்பாவின் மகனைக் கதிர் அறுக்கும்போது உலுபோங் காலில் கடித்தது. பதினாறு வயதுப் பையன். காலில் இரண்டு புள்ளி, வீக்கம் பெரிதாக இல்லை. அவனே நடந்து வரம்புக்கு வந்து சிரித்தானாம். எருமை இழுக்கும் சறுக்கு வண்டியில் ஏற்றி விஷகடி பார்க்கும் முதியவரிடம் கொண்டுபோனார்கள். அவர்களின் வைத்தியத்துக்குத் ‘தாண்டோக்’ என்று பெயர். கொம்பு என்று பொருள். சுட்டுக் கறுத்த மான்கொம்புத் துண்டைக் கடிவாயில் ஒட்டுவார்கள். அது விஷத்தை உறிஞ்சி முடிந்ததும் தானாக விழும் என்பது நம்பிக்கை. எங்கள் ஊர் விஷக்கல்லேதான். கொம்பு ஒட்டியபடியே இருந்தது. பையனின் இமை விழுந்தது, பேச்சுக் குழறியது, எச்சில் வடிந்தது. பிறகு மூச்சு நின்றது. பிலிப்பைன்ஸ் நாகத்தின் விஷம் நரம்பையும் தசையையும் பிரித்துவிடும். அரை மணித்தியாலத்துக்குள்ளேயே சுவாசத் தசைகள் ஓய்ந்துபோனவர்கள் உண்டு.

ஊர் அந்த முதியவரைக் குறை சொல்லவில்லை. எத்தனையோ பேரை அவர் பிழைக்க வைத்தவர் அல்லவா என்றது. அதற்கும் காரணம் இருக்கிறது. கடிக்கும் பாம்பு எல்லா நேரமும் விஷத்தை இறக்குவதில்லை. கடிப்பது பல வேளை விஷமில்லாத பாம்பாகவும் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் கல் வைத்தாலும் பிழைப்பார்கள், வைக்காவிட்டாலும் பிழைப்பார்கள். பிழைத்தவன் ஊர் ஊராகச் சொல்கிறான். இறந்தவனுக்கு விதி முடிந்தது என்கிறோம். எங்கள் நாட்டிலும் அந்தக் கணக்கு இப்படித்தான் ஓடுகிறது.

இரண்டு வருடம் கழித்து, 1986இல், ஆச்சியின் தம்பியைக் கடித்தது. ஏழு வயது. வயல் எலியைப் பிடிக்க வளைக்குள் கையை விட்டிருக்கிறான். பம்பங்காவில் வயல் எலியைச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு, ஆகவே அது பிள்ளைகளின் அன்றாட வேலை. தகப்பன் சறுக்கு வண்டியை எடுத்தார். அப்பம்மா கொம்பு வைத்தியரிடம் ஆள் அனுப்பிவிட்டார். தாய், வாய் பேசாத பெண், மாமியாருக்கு முன்னால் கதிரையில் இருக்காதவர், பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மறுபக்கமாக, பெருந்தெருவை நோக்கி நடந்தார். அப்பம்மா பின்னால் கத்தினார். பிள்ளைக்கு ஏதும் நடந்தால் நீதான் கொன்றாய் என்று ஊரே சொல்லும் என்றார். தாய் திரும்பவில்லை. பத்து வயது ஆச்சி பின்னால் ஓடினார்.

ஜீப்னி என்ற அவர்களின் பஸ்ஸை மறித்து ஏறி, பக்கத்து நகரான சன் பெர்னாண்டோவுக்குப் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் தம்பிக்கு இமை திறக்கவில்லை. விஷமுறிவு மருந்து அங்கே இருக்கவில்லை, மணிலாவிலிருந்து வர வேண்டும். தாதி ஒருவர் வாயையும் மூக்கையும் மூடி றப்பர் முகமூடி வைத்து, அதோடு இணைந்த பையைக் கையால் அமத்தி மூச்சுக் கொடுத்தார். ஆள் போதவில்லை. “நீங்கள் அமத்துங்கோ, நான் எண்ணுறன்” என்று தாயின் கையில் பையைக் கொடுத்தார். தாயும் தாதியும் மாறி மாறி விடியும்வரை அமத்தினார்கள். தாயின் கைவிரல்கள் பிறகு மூன்று நாள் மடங்கவில்லையாம்.

மருந்து வந்தது, தம்பி பிழைத்தான். அவன் பிறகு சொன்னதுதான் எனக்கு மறக்காமல் இருக்கிறது. கண் திறக்க முடியவில்லை, விரல் அசைக்க முடியவில்லை, ஆனால் எல்லாம் கேட்டதாம். பின்னேரம் வந்து சேர்ந்த பெரியப்பா சவப்பெட்டிக்கு எங்கே பலகை எடுக்கலாம் என்று மெதுவாகப் பேசியதும், தாய் எண்ணிக்கொண்டே இருந்ததும் கேட்டதாம். நரம்பு விஷம் ஏறியவர் மயங்கிக் கிடப்பது போலத் தெரிந்தாலும் பலருக்கு அறிவு தெளிவாக இருக்கும். அவருக்குக் கேட்கிறது என்று நினைத்துப் பேச வேண்டும்.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போன தாயை அப்பம்மா பிறகு என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த அறுவடையில் முதல் கோழியை அடித்து மருமகளின் தட்டில் ஈரலை வைத்தாராம். அவர்கள் வீட்டில் அது அதுவரை மகனுக்குரிய பங்கு.

கூரையும் பங்கரும்

1991ஆம் ஆண்டு ஜூன் 15இல் பினாதுபோ எரிமலை வெடித்தது. இருபதாம் நூற்றாண்டில் உலகில் நடந்த மிகப் பெரிய வெடிப்புகளில் அது ஒன்று. சாம்பலோடு கதை முடியவில்லை. ஒவ்வொரு மழைக்கும் மலையில் குவிந்திருந்த சாம்பல் சேறாகக் கரைந்து ஆற்று வழியே இறங்கியது. 1995 ஒக்டோபர் முதலாந் திகதி அந்தச் சேறு பக்கோலோரை மூடியது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அந்த ஊரின் பழைய புனித கில்லர்மோ தேவாலயம் பாதி புதைந்து, சன்னல்கள் இருந்த உயரத்தில் இன்று ஆட்கள் உள்ளே போகிறார்கள்.

அப்போது ஆச்சிக்குப் பத்தொன்பது வயது. அயல்வீட்டுத் தகரக் கூரையில் பதினொரு பேரோடு ஒரு பகலும் இரவும் இருந்தார். முகட்டின் மறுமுனையில் ஓர் உலுபோங்கும் ஏறியிருந்தது. படம் எடுக்கவில்லை, துப்பவில்லை, நனைந்து சுருண்டு கிடந்தது. ஒருவரும் அதை அடிக்கவில்லை. தம்பியைக் கடித்த இனம் என்று அவருக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டேன். “அதற்கும் வேறு இடம் இருக்கவில்லை” என்றார்.

எனக்கு உடனே 2008ஆம் ஆண்டு மார்கழி மழை நினைவுக்கு வந்தது. எங்கள் பங்கருக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மண்மூடைக்கும் பனங்குற்றிக்கும் இடையில் ஒரு பாம்பு. வெளியே ஷெல். அம்மா பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்து, சாக்கொன்றை நடுவில் தொங்கவிட்டு, “அது அங்கால இருக்கட்டும், நாங்கள் இங்கால இருப்பம்” என்றார். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அப்படி ஒரு சாக்கு ஞாபகத்தில் இருக்கும்.

எங்கள் ஊரில்

பிலிப்பைன்ஸில் எங்கள் கண்ணாடிப் புடையன் இல்லை, எட்டடி விரியனும் இல்லை. எட்டடி விரியனைச் சிலர் கட்டுவிரியன் என்பார்கள். அதன் கதையை நான் ஆச்சிக்குச் சொன்னேன். நான் சிறுமியாக இருந்தபோது அயல்வீட்டுப் பையன் ஒருவன் நிலத்தில் பாய்விரித்துப் படுத்தவன், விடியப்புறம் வயிற்றுக்குத்து என்று எழும்பினான். சுக்கும் மல்லியும் அவித்துக் கொடுத்தார்கள். வெளிச்சம் வந்தபோது இமை தொங்கியிருந்தது. உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. பாயைத் தூக்கியபோதுதான் பாம்பு தெரிந்தது. இந்தப் பாம்பு இரவில் வரும். கடி வலிக்காது, வீங்காது, சில வேளை அடையாளமே தெரியாது. இரவு நிலத்தில் படுத்தவருக்கு விடியப்புறம் காரணமில்லாத வயிற்றுவலியும், இமை சோர்வும், விழுங்கக் கஷ்டமும் வந்தால் பாம்பை நினைக்க வேண்டும். கடிவாயைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

2012, 2013ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் வீடு வீடாக எடுத்த கணக்கின்படி ஒரு வருடத்தில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, 400 பேருக்கு மேல் இறக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது என்ற சொல் சரியானதுதான். வெறுங்காலோடு வயலில் நிற்பவரையும் நிலத்தில் படுப்பவரையும்தான் அது கடிக்கிறது.

எங்கள் நாட்டில் ஒரு வசதி உண்டு, அதை ஆச்சியின் தாய் அன்று பெற்றிருக்கவில்லை. அரச வைத்தியசாலைகளில் நாகம், எட்டடி விரியன், கண்ணாடிப் புடையன், சுருட்டை ஆகிய நான்குக்கும் சேர்த்து வேலை செய்யும் இந்திய விஷமுறிவு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அது வரும்வரை கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் மட்டையோ தடியோ வைத்துத் துணியால் இதமாகச் சுற்றுங்கள். மோதிரம், காப்பு, மெட்டி இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மயக்கமாகவோ வாந்தியாகவோ இருந்தால் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. அதைத் தேடிப் போய் இரண்டாவது ஆளும் கடிபட்ட சம்பவங்கள் உண்டு.

கட்டில் இல்லாதவர்கள் நுளம்புவலையைப் பாயின் கீழே சுற்றிவரச் செருகிப் படுத்தால் எட்டடி விரியன் உள்ளே வராது. விறகை எடுக்கமுன் தடியால் தட்டுங்கள். நீண்டகாலம் ஆளில்லாமல் கிடந்த காணியைத் துப்புரவாக்கும்போது கையை முன்னே விடாமல் மண்வெட்டியை முன்னே விடுங்கள். கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் இரவில் ரோச் இல்லாமல் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

ஆச்சி 2016இல் ஊர் திரும்பினார். ஊர் என்றால் பழைய ஊர் அல்ல, சேற்றுக்குப் பின் குடியேற்றிய இடத்தில் வரிசையாகக் கட்டிய சீமெந்து வீடுகளில் ஒன்று. தம்பி வயல் செய்கிறான், முழங்கால் வரை றப்பர்ச் சப்பாத்து போடாமல் அவனைத் தாய் வயலுக்கு விடுவதில்லையாம். போன மாதம் வட்ஸ்அப்பில் படமொன்று அனுப்பியிருந்தார். கோழிக்கூட்டுக்குள் சின்னச் சாவா ஒன்று, வயிறு புடைத்துச் சுருண்டு கிடக்கிறது. அடித்தீர்களா என்று கேட்டேன். இல்லை, சாக்கில் போட்டு வாய்க்காலுக்கு அப்பால் விட்டோம் என்றார். கோழி எத்தனை மிச்சம் என்று கேட்டேன். ஒன்பதில் எட்டு என்று பதில் வந்தது.